என்னை மட்டும் உள்ளே விடாத வைஃபை

காலை எட்டு மணி இருபத்திரண்டு நிமிடம். லேப்டாப் திரையின் கீழ் மூலையில் பார்த்த அந்த நேரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. போன வருடம், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாம் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த சமயம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆபீஸ் கடிதம் ஒன்றை அனுப்புவதற்காக லேப்டாப்பைத் திறந்தேன். வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. வழக்கமாகக் கேட்காது, தானாகவே சேர்ந்துகொள்ளும். சரி என்று அடித்தேன். 'பாஸ்வேர்டு தவறு' என்று வந்தது.

கை தவறியிருக்கும் என்று நினைத்து மறுபடி அடித்தேன். அப்போதும் அதே பதில். மூன்றாவது முறை ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அந்தப் பாஸ்வேர்டு எனக்கு மறக்க வழியே இல்லை. வைத்தவளே நான்தான். மகளைச் சின்ன வயதில் நான் கூப்பிட்ட செல்லப்பெயர், அதன் பின்னால் அவள் பிறந்த தேதி. மூன்று வருடமாக அதுதான். ஆனாலும் 'தவறு' என்றது. என் போனை எடுத்துப் பார்த்தேன். அது ஆறு வருடப் பழைய போன். அதிலும் வைஃபை குறியைக் காணவில்லை, அதிலும் பாஸ்வேர்டு சரியில்லையாம்.

அறைக்குள் மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு தன் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அது தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நெட்டு வருதாட்டி?" என்று கேட்டேன்.

"நல்லா வருதும்மா."

கடிதத்தை என் போனின் சொந்த நெட்டிலிருந்து அனுப்பிவிட்டேன். அந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மனதுக்குள் கிளம்பிய சந்தேகம்தான் முடியவில்லை.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஒரு சீல் இருக்கும், அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒத்துப்போனால் பெட்டி உள்ளே போகும். ஒத்துப்போகாவிட்டால் வழியில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்படியே நிறுத்திவிடுவேன். டிரைவர் எவ்வளவு கெஞ்சினாலும், ஏஜென்ட் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் அசைய மாட்டேன். இப்படிப் பிடித்துக் கொடுத்ததற்காக இரண்டு முறை பாராட்டும் வாங்கியிருக்கிறேன். நேற்று வரை ஒத்துப்போனது இன்று ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது.

அந்த நேரத்தில் வீட்டிலும் நான் அப்படி யோசிக்க ஒரு காரணம் இருந்தது. மகளுக்குக் கப்பல் படிப்புப் படிக்க ஆசை. படித்து அதிகாரியாகக் கப்பலில் போக வேண்டுமாம். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் கணவர் இப்போது துறைமுகத்தில் டக் போட்டில் வேலை பார்க்கிறார், பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்துவரும் சின்னப் படகு அது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் வெளிநாட்டுக் கப்பலில் இருந்தார். புயல் செய்தி வரும் நாட்களில் எட்டு மாதக் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போன் மணிக்காகக் காத்திருந்தவள் நான். புருஷனுக்காகக் காத்திருந்தது போதும், பிள்ளைக்காகவும் அப்படி உட்கார என்னால் முடியாது என்று சொன்னேன். மகள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்த வாரத்தில்தான் என்று தெரியும். எந்தக் கிழமை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சம்மதிப்பது போல ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஆகவே மேசையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகக் கோர்க்க ஆரம்பித்தேன். மகளுக்கு நெட் வருகிறது. கணவரும் காலையில் காபி குடித்துக்கொண்டே தன் புதுப் போனில் செய்தி பார்த்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனார். அவருக்கும் வருகிறது. முந்தின நாள் சாயங்காலம் மகள் போனில் ஏதோ வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து எதையோ தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் மூடிவிட்டாள். அதுவும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது. எங்கள் வைஃபையைப் பக்கத்து வீட்டிலும் பயன்படுத்துவார்கள். ஒரே சுவர்தான் நடுவில். அந்த வீட்டு அக்கா கடற்கரை ஊர்க்காரர். அவருடைய தம்பிகளில் ஒருவர் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார், இன்னொருவர் கப்பலில் அதிகாரி. படகு நல்லபடியாகக் கரை சேர்ந்த நாளில் சுவருக்கு மேலாக எங்களுக்கு ஒரு கிண்ணம் மீன் வரும். எங்கள் பாஸ்வேர்டு அதே சுவர் வழியாக அந்தப் பக்கம் போனது. மாற்றினால் சொல்லிவிட வேண்டும் என்பது இரண்டு வீட்டுக்கும் பழக்கம்.

பின்வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். அக்கா கையில் போனோடு வந்தார். அது போன மாதம் வாங்கிய போன்.

"அக்கா, உங்களுக்கு நெட்டு வருதா?"

"போன்ல ஜம்முன்னு வருது. ஏன் கேக்க?"

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கப்பல் படிப்பைப் பற்றி மகளுக்கு முதலில் எடுத்துச் சொன்னதே அந்த அக்காவின் கப்பல் தம்பிதான். மகள், அவள் அப்பா, பக்கத்து வீடு மூன்றும் ஒரு பக்கம். பாஸ்வேர்டை மாற்றி எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, விண்ணப்பம் போய்ச் சேரும் வரை என்னை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். நான் இணையத்தில் போய்த் தேடிவிடக் கூடாதாம்.

என் போனில்தான் தனி நெட் இருக்கிறதே, தேட நினைத்தால் அதில் தேடியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

அறைக்குள் போய், "பாஸ்வேர்ட மாத்தினியாட்டி?" என்று கேட்டேன்.

மகள் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு நொடி யோசித்தாள். பிறகு, "பாஸ்வேர்ட மாத்தலம்மா" என்றாள்.

அந்த ஒரு நொடிதான். யார்டு வாசலில் எத்தனையோ முகத்தில் அந்த ஒரு நொடியைப் பார்த்திருக்கிறேன். உண்மை சொல்கிறவனுக்கு யோசிக்க நேரம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். பூட்டியிருந்தது.

"குடும்மா, நானே தொறந்து காட்டுதேன்."

"ஒண்ணும் வேண்டாம். தொறக்கும்போதே அழிச்சிருவ."

"என்னத்த அழிக்கப் போறேன்? என்னம்மா கேக்க நீ?"

"உங்க அப்பாவும் நீயும் பக்கத்து வீடும் சேந்து என்னையக் கிறுக்கி ஆக்குதீங்களா? பொறந்த வீட்டுக்குள்ளயே பெத்தவளுக்குப் பூட்டுப் போடுதியா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று தெரிந்தேதான் மேலும் பேசினேன். கேட்கட்டும் என்றே பேசினேன்.

"பதினெட்டு வருசமா பொய்யத்தான் புடிச்சுக்கிட்டு இருக்கேன். பொய் சொல்லுத பெட்டிய வாசல்லயே நிறுத்திருவேன். உன்னைய எங்கட்டி நிறுத்த?"

மகள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை அன்று நான் திருட்டு முகம் என்று நினைத்தேன்.

நான் குளியலறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேசையில் லேப்டாப் இல்லை. வாசலில் அவளுடைய செருப்பு இல்லை, சைக்கிள் இல்லை. அவளுடைய போன் என் கையில் இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்க உலகத்தில் எனக்கு ஒரு வழியும் இல்லை.

அந்த நேரத்திலும் எனக்குப் பயம் முதலில் வரவில்லை. 'பார்த்தாயா, தடயத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்' என்றுதான் தோன்றியது. ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் நீல ஃபைல் மேல் தட்டில் இல்லை. அதுவும் போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சான்றிதழோடு போகிற பிள்ளை திரும்பி வருகிற எண்ணத்தோடு போகுமா?

வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறார்.

"பிள்ள சைக்கிள மிதிச்சுக்கிட்டு மெயின் ரோட்டுப் பக்கம் போனா. மூஞ்சி சரியில்ல" என்றார்.

"உங்க தம்பி குடுத்த யோசனைதானே? இப்ப சந்தோசமா உங்களுக்கு?" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் போயிருப்பார்கள். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏளா, வையணும்னா வண்டில போகும்போது வை. நான் பின்னால உக்காந்து கேட்டுக்கிடுதேன். இப்ப வண்டிய எடு."

என்னை 'ஏளா' என்று அவ்வளவு உரிமையாக அவர் அதுவரை கூப்பிட்டதில்லை. நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

நேராகப் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் போனேன். விண்ணப்பம் போட்டுத் தரும் பிரவுசிங் சென்டர்கள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுழைந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். முகத்தைவிட அவர்கள் திரையைத்தான் அதிகம் பார்த்தேன். மூன்றாவது கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யம்மா, யாரைத் தேடுதீங்க?"

"என் மக. லேப்டாப் பையோட வந்தாளா அண்ணாச்சி?"

"லேப்டாப் வச்சிருக்க பிள்ள இங்க எதுக்கும்மா வரப் போகுது? இல்லாததுகதான் வரும்."

இவரும் அவளோடு சேர்ந்துகொண்டு மறைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கேமரா பதிவைக் காட்டச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வந்து பாருங்க" என்று காட்டினார். காலையிலிருந்து கடைக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து போனார்கள். என் மகள் இல்லை. கடைசியில் முடி கலைந்த ஒரு பெண் கடைக்குள் நுழைந்து, ஒவ்வொரு பிள்ளையின் தோளுக்கு மேலாகவும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். அது நான்தான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்து புதுப் பேருந்து நிலையம் போனோம், அங்கிருந்து ரயில் நிலையம், பிறகு அவள் தோழி ஒருத்தியின் வீடு. எங்கும் இல்லை. போகிற வழியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடைகள் இருக்கிற தெரு வழியாக இரண்டு முறை போயிருக்கிறோம். இரண்டு முறையும் நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் சந்தேகம் எங்கே கையைக் காட்டியதோ அங்கே மட்டும்தான் தேடினேன்.

கணவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். கப்பல் இழுக்கப் போயிருந்தால் எடுக்க மாட்டார். பன்னிரண்டு மணி வாக்கில் எடுத்தார். பின்னால் இன்ஜின் இரைச்சல்.

"அப்ளிகேசன் போட்டாச்சா, இல்லையா? உண்மையச் சொல்லுங்க!"

"என்னது? கேக்கல. சத்தமாச் சொல்லு."

"கப்பல் படிப்புக்கு! நீங்களும் அவளும் சேந்துதானே செஞ்சீங்க?"

"ஏளா, நீ வேண்டாம்னு சொன்ன பொறவு அந்தப் பேச்சையே அவ எடுக்கல. நான் ரெண்டு தடவ கேட்டதுக்கும் 'விடுங்கப்பா'ன்னுட்டா. என்ன ஆச்சு? பிள்ள எங்க?"

பிள்ளை எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா போனை வாங்கி, "ஒண்ணும் இல்ல தம்பி, பக்கத்துலதான் போயிருக்கா. நீங்க வேலைய முடிச்சுட்டு வாங்க" என்று சொல்லி வைத்தார்.

கணவர் பொய் சொல்கிறாரோ என்று அப்போதும் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பெட்டிக்கடை முன்னால் அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"எங்க வீட்டு டிவிலயும் காலேலருந்து நெட்டு இல்ல. போன்ல வருது, டிவில வரமாட்டேங்கு. பழைய டிவி, வயசாயிட்டுன்னு நெனச்சு நாலு தட்டுத் தட்டினேன். நான் டிவியத் தட்டினேன், நீ பிள்ளையத் தட்டிட்ட. அவ்வளவுதான் வித்தியாசம்."

விடை அந்த இடத்திலேயே இருந்தது. அக்காவின் பழைய டிவி, என் பழைய லேப்டாப், என் பழைய போன் மூன்றும்தான் சேரவில்லை. புதிதாக வாங்கியவை எல்லாம் சேர்ந்தன. எண்களை ஒப்பிட்டே சம்பளம் வாங்குகிற எனக்கு இது புரியவில்லை. இந்த அம்மாவுக்கு எல்லாம் விளையாட்டாக இருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

ஒன்றரை மணிக்கு வீட்டுக்குத் திரும்பினோம். போலீஸுக்குப் போவதென்றால் போட்டோ வேண்டும் என்று அக்கா சொன்னார். மகளின் பழைய பாஸ்போர்ட் போட்டோக்கள் பீரோவின் கீழ்த் தட்டில், என் சேலைகளுக்கு அடியில் ஒரு கவரில் இருக்கும். சேலைகளை அள்ளி வெளியே போட்டேன். அவற்றுக்கு நடுவில், என் கல்யாணச் சேலைக்குள் சுற்றிவைத்த ஒரு பொருள் கையில் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். நீல ஃபைல்.

அதைச் சுற்றி வைத்தவள் நான்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால், மகளோ அவள் அப்பாவோ எனக்குத் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று நானே ஒளித்து வைத்திருக்கிறேன். வைத்ததை மறந்தும் போயிருக்கிறேன். மறந்துவிட்டு அவள் தலையில் பழியைப் போட்டிருக்கிறேன். அந்தச் சேலைகளுக்கு நடுவே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து தேடித் தேடி நான் கண்டுபிடித்த ஒரே திருட்டு என்னுடையதுதான்.

ஃபைல் இங்கே இருக்கிறது என்றால் அவள் விண்ணப்பம் போடப் போகவில்லை. அப்படியானால் எதற்காகப் போனாள்? அதற்குப் பிறகு வந்த பயம் வேறு. 'உன்னை எங்கே நிறுத்த' என்று கேட்டேனே, அந்தக் கேள்விக்கு அவளே ஏதாவது பதில் தேடிக்கொண்டுவிட்டாளோ என்ற பயம். கடல் இருக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. அக்கா என் முதுகைத் தடவியபடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி பத்துக்கு கேட் திறக்கிற சத்தம். மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. தோளில் லேப்டாப் பை, கையில் சுருட்டிய நீல வயர் ஒன்று. நான் எழுந்து ஓடினேன். என்னைத் தாண்டி உள்ளே போனாள். மேசையில் லேப்டாப்பை வைத்து, அந்த வயரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை ரூட்டரிலும் செருகினாள்.

"காலேல நீ மாத்தினியான்னு கேட்டேல்லா? பாஸ்வேர்ட மாத்தல. நேத்து சாயங்காலம் ரூட்டர்ல செக்யூரிட்டி செட்டிங், அந்தப் பூட்டு வகையத்தான் மாத்தினேன்" என்றாள். "நம்ம நெட்டுல எவனோ நுழையுதான், போலீஸ் நம்மளத்தான் புடிக்கும்னு ரெண்டு வாரமா பொலம்பிக்கிட்டு இருந்த. அதான் லிஸ்ட்டுல இருக்கதுலயே கெட்டியான பூட்டா பாத்துப் போட்டேன். சொன்னா அதுக்கும் நூறு கேள்வி கேப்பன்னு சொல்லல. அதனாலதான் லேப்டாப்பு சேரலன்னு எனக்கும் காலேல தெரியல."

"எங்க போயிருந்த?" என்று கேட்டது அக்கா.

"ரிப்பேர் கடைக்குத்தான். பதினொரு மணிக்குத்தான் தொறந்தாவ, அதுவரைக்கும் பீச்சுல உக்காந்திருந்தேன். லேப்டாப்பு அவங்க நெட்டுல டக்குனு சேந்துட்டு. பொறவு ரொம்ப நேரம் நோண்டிப் பாத்துட்டுத்தான் அண்ணாச்சி வெவரம் சொன்னாவ. இந்த லேப்டாப்பு பழசு, புதுப் பூட்டு எப்படிக் கேக்கும்னு இதுக்குத் தெரியாதாம். சரியான சாவியக் கையில வச்சுக்கிட்டே முழிச்சுக்கிட்டு நிக்குமாம். ஆனா ஸ்கிரீன்ல அப்படிச் சொல்லாது. 'பாஸ்வேர்டு தப்பு'ன்னுதான் சொல்லும். பழசு புதுசு ரெண்டையும் விடுத மாதிரி ஒரு வகை இருக்காம், அதப் போடச் சொன்னாவ."

"அப்ப எங்க டிவி?" என்றார் அக்கா.

"அதுவும் இதேதான் பெரியம்மா. இப்ப வரும்."

"ஐயோ, அநியாயமா அதப் போட்டு அடிச்சிட்டேனே" என்று அக்கா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

துறைமுக வாசலில் புது மெஷின் வைத்த சமயத்தில் இதைக் கண்ணால் பார்த்தவள் நான். பழைய பாஸ் வைத்திருந்த டிரைவர்களை அந்த மெஷின் 'செல்லாது' என்று திருப்பி அனுப்பியது. பாஸ் சரியானதுதான். மெஷினுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்று எந்த மெஷினும் சொல்லாது. உன்னிடம்தான் தப்பு என்று சொல்லும். அன்று காலை நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

மகள் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து எதையோ மாற்றினாள். நீல வயரைப் பிடுங்கினாள். ரூட்டரில் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்தன. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"இப்ப அடிம்மா. பழசையே அடி."

அவளுடைய செல்லப்பெயரை அடித்தேன். அவள் பிறந்த தேதியை அடித்தேன். இரண்டு முறை விரல் தவறியது, இரண்டு முறையும் பொறுமையாக அழித்துக் கொடுத்தாள். மூன்றாவது முறை சேர்ந்துகொண்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என் கையை இறுகப் பற்றவும் இல்லை. தரையில் கிடந்த சேலைகளையும் அவற்றுக்கு நடுவே கிடந்த நீல ஃபைலையும் பார்த்தாள். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்கவில்லை. குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி மேசையில் வைத்தாள். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"அப்ளிகேசன் நான் போடவே இல்லம்மா. நீ வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே விட்டுட்டேன். கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சு போச்சு."

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. மகள் இப்போது இங்கேயே ஒரு காலேஜில் படிக்கிறாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கிறாள். அடுத்த வருடம் கப்பல் படிப்புக்கு விண்ணப்பம் போடலாம், நானே உன்கூட உட்கார்ந்து நிரப்புகிறேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். "பாப்போம்மா" என்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்குள் நுழைய என்னிடம் சாவி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு நாளும் பழைய செல்லப்பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.